பேசாத குழந்தைக்கு ஒரு பேசும் கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டரோ டேப்ளட்டோ வாங்கிய வீட்டில் முதல் வாரம் என்ன நடக்கும்? பாட்டு கேட்போம், படம் பார்ப்போம், பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுவார்கள். குமாரபாளையத்தில் என் அக்கா வீட்டில் வாங்கிய டேப்ளட்டுக்கு வேறு ஒரு வேலை காத்திருந்தது. அக்கா மகனுக்கு ஆட்டிசம். நாலரை வயது வரை அவன் "அம்மா" என்று கூடக் கூப்பிட்டதில்லை. அந்த டேப்ளட் அவனுக்கு வாயாக இருக்க வேண்டியிருந்தது.

நான் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர். "நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே தம்பி, இவன் பேசறதுக்கு ஏதாச்சும் பண்ணேன்" என்று அக்கா கேட்டபோது, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. இன்னும் முடியவில்லை. அதற்குள் நான் செய்த தவறுகளும், ஈரோட்டில் எங்களுக்குக் கிடைத்த பேச்சுப் பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்தவையும் உங்களில் யாருக்காவது பயன்படலாம். உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும், உங்கள் தெருவில் இப்படி ஒரு குழந்தை இருக்கக்கூடும்.

தறிச் சத்தத்தில் மறைந்த மௌனம்

எங்களுடையது விசைத்தறி ஊர். காவிரிக்கு அந்தப் பக்கம் பவானி, இந்தப் பக்கம் குமாரபாளையம். கரண்ட் இருக்கும் வரை தெருவில் தறி ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கே கத்த வேண்டும். இந்தச் சத்தத்தில் ஒரு குழந்தை பேசாமல் இருப்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

கூப்பிட்டால் திரும்ப மாட்டான். தறிச் சத்தத்தில் காது கேட்கவில்லை என்று நினைத்தோம். எதையும் விரல் நீட்டிக் காட்ட மாட்டான். நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஃபிரிட்ஜ் முன்னால் நிறுத்துவான். தறியில் நாடா இங்கும் அங்கும் ஓடுவதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நிற்பான். "நம்ம வீட்டுல எல்லாரும் லேட்டாத்தான் பேசுனோம்" என்றார் அப்பா. அதைக் கேட்டு ஒரு வருடத்தை வீணாக்கினோம்.

நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். ஒரு வயதைத் தாண்டியும் விரல் நீட்டிக் காட்டாதது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, 16 மாதத்திலும் ஒரு சொல் கூட வராதது, 2 வயதிலும் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்லாதது, வந்த சொற்கள் மறைந்துபோவது ஆகிய இவற்றில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்வார்கள். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். காதில் குறை எதுவும் இல்லை.

ஆட்டிசம் என்றால்?

மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. 1943-ல் அமெரிக்காவில் லியோ கான்னர் என்ற மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் இது தனியாக விவரிக்கப்பட்டது. தாய் சரியாக வளர்க்காததால் வருவது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அது தவறு என்று எப்போதோ தெளிவாகிவிட்டது. ஆனாலும் எங்கள் ஊரில் அக்காவிடம் எத்தனையோ பேர் "போனைக் கையில குடுத்துக் குடுத்துத்தான் இப்படி ஆச்சு" என்று சொல்லியிருக்கிறார்கள். அவனுக்கு அதுவரை யாரும் போனே கொடுத்ததில்லை.

ஆட்டிசம் உள்ள சில குழந்தைகள் நிறையப் பேசுவார்கள். சிலர் கேட்டதையே திரும்பச் சொல்வார்கள். சிலருக்குப் பேச்சே வராது. பேச்சு வராத குழந்தைக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று அர்த்தமில்லை. பேச்சுப் பயிற்சியாளர் எங்களிடம் முதல் நாளே இதைத்தான் சொன்னார்: "முதல்ல அவன் சொல்றதுக்கு ஒரு வழி வேணும். வாய் வழியா வந்தா சந்தோஷம். அதுக்காகக் காத்துக்கிட்டு மத்த வழியை அடைச்சு வைக்காதீங்க."

படத்திலிருந்து தொடங்கியது

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இதற்கு வழி இருந்தது. 1985-ல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பான்டி, லோரி ஃப்ராஸ்ட் என்ற இருவர் படப் பரிமாற்ற முறை ஒன்றை உருவாக்கினார்கள். சுருக்கமாக பெக்ஸ் என்பார்கள். குழந்தைக்கு பிஸ்கட் வேண்டுமென்றால் பிஸ்கட் படத்தை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். உடனே பிஸ்கட் கிடைக்கும். பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் இதில் குழந்தை ஒரு பெரிய விஷயத்தைக் கற்றுக்கொள்கிறது. அழுதோ இழுத்தோ வாங்கியதை, இன்னொரு மனிதரிடம் ஒன்றைச் சொல்லி வாங்கலாம் என்று அதற்குப் புரிகிறது.

அந்தப் படத்தைத் தொட்டால் குரலும் வந்தால்? வெளிநாடுகளில் இப்படிப்பட்ட கருவிகள் பல ஆண்டுகளாக இருந்தன. விலை ஆயிரக்கணக்கான டாலர்கள். பேசும் மொழி ஆங்கிலம்.

சென்னையிலிருந்து வந்த குரல்

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்கள் செய்ததைச் சொல்ல வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அஜித் நாராயணன் இன்வென்ஷன் லேப்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, 'ஆவாஸ்' என்ற கருவியை 2010-ல் வெளியிட்டார். ஆவாஸ் என்றால் இந்தியில் குரல். சென்னையில் 1985 முதல் இயங்கிவரும் வித்யாசாகர் அமைப்பின் குழந்தைகளோடும் ஆசிரியர்களோடும் சேர்ந்து உருவாக்கப்பட்டது இது. முதலில் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளை மனதில் வைத்துத் தனிக் கருவியாக வந்தது. பிறகு ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் பயன்படும் வகையில் டேப்ளட்டில் இயங்கும் அப்ளிகேஷனாக மாறியது. 2011-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நடத்தும் டெக்னாலஜி ரிவ்யூ பத்திரிகை, 35 வயதுக்கு உட்பட்ட சிறந்த கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் அஜித் நாராயணன் பெயரைச் சேர்த்தது.

2013-ல் டெட் மேடையில் அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. இக்குழந்தைகளுக்குப் படம் எளிதாகப் புரிகிறது, இலக்கணம்தான் தடுக்கிறது. சொற்களை எந்த வரிசையில் வைப்பது, எந்த விகுதி போடுவது என்பதற்குப் பதிலாக யார், என்ன, எப்போது என்ற கேள்விகளால் படங்களை இணைத்தால் என்ன என்று யோசித்து, 'ஃப்ரீஸ்பீச்' என்ற முறையை உருவாக்கினார். படங்களை இணைத்தால் சாஃப்ட்வேர் வாக்கியத்தை அமைத்துக் கொடுக்கும்.

மும்பை ஐ.ஐ.டி.யும் 'ஜெல்லோ' என்ற இலவச அப்ளிகேஷனை ஆண்ட்ராய்டுக்காக வெளியிட்டுள்ளது.

மெஷின் பேசினால் பையன் பேசுவானா?

எங்கள் வீட்டில் எழுந்த பெரிய சண்டையே இதுதான். "டேப்ளட்டே பேசிருச்சுன்னா அவன் எதுக்கு வாயைத் திறக்கப் போறான்?" என்று அம்மா கேட்டார். ஒரு பள்ளியிலும் அப்படியே சொல்லி டேப்ளட்டைக் கொண்டுவரக் கூடாது என்றார்கள். அக்கா பயந்துபோய் இரண்டு மாதம் டேப்ளட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அந்தப் பயம் நியாயமானதுதான். அதனால்தான் அதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 2006-ல் மில்லர், லைட், ஸ்க்லாசர் என்ற மூவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நம்பகமான சான்று உள்ள 27 பேரில் 89 சதவிகிதம் பேருக்குப் படம், சைகை, கருவி ஆகியவற்றைப் பயன்படுத்திய பிறகு பேச்சு கூடியிருந்தது. மீதிப் பேருக்கு மாற்றமில்லை. ஒருவருக்குக் கூடப் பேச்சு குறையவில்லை. கூடிய அளவு பலருக்குச் சிறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2014-ல் கானி கசாரி குழுவினர் அமெரிக்காவில் 5 முதல் 8 வயது வரையுள்ள, மிகக் குறைவாகப் பேசும் 61 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. எல்லோருக்கும் ஒரே பயிற்சி. ஒரு பிரிவினருக்கு மட்டும் பேசும் டேப்ளட்டும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. தாமாகச் சொல்ல முன்வந்தது டேப்ளட் பிரிவினர்தான் அதிகம்.

இவற்றை அக்காவுக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். பீரோ திறந்தது.

நான் செய்த தவறு

முதல் பலகையில் 48 படங்கள் வைத்தேன். தொட்டால் படம் குதிக்கும், நிறம் மாறும். எனக்கு ரொம்பப் பெருமை. மாப்பிள்ளை (அக்கா மகனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) 'பஸ்' பட்டனை மட்டும் நூறு முறை அழுத்திக் குதிப்பதைப் பார்த்துச் சிரித்தான். பேச்சுப் பயிற்சியாளர் பார்த்துவிட்டு, "இது பொம்மை. நாலு படம் போதும், அனிமேஷன் எல்லாம் எடுத்துடுங்க" என்றார்.

நாலு படத்தில் தொடங்கினோம். தோசை, தண்ணி, தறி, போதும். மூன்று வாரத்தில் நாலையும் பிடித்துக்கொண்டான். பிறகு எட்டு, அதன் பிறகு பன்னிரண்டு.

அடுத்து இன்னொரு தவறு செய்தேன். நான் கோவையில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை ஊருக்கு வரும்போதெல்லாம் பலகையைக் கொஞ்சம் 'அழகுபடுத்துவேன்'. சாப்பாட்டுப் படங்களை ஒரு பக்கமாக, இடங்களை இன்னொரு பக்கமாக அடுக்கினேன். ஞாயிறு காலை அவன் தண்ணி இருந்த இடத்தை அழுத்தினான். "பஸ்" என்றது டேப்ளட். மறுபடி அழுத்தினான். மறுபடியும் "பஸ்". டேப்ளட்டைச் சுவரில் எறிந்துவிட்டுத் தலையைத் தரையில் முட்டிக்கொண்டு அழுதான்.

நீங்கள் புதிதாகத் தமிழ் டைப்பிங் பழகுகிறவர் என்றால் இது புரியும். தமிழ்99 கீபோர்டில் 'அ' எங்கே என்று தேடித் தேடி இப்போதுதான் விரல் பழகியிருக்கிறது. ஞாயிறுதோறும் யாரோ வந்து கீகளைக் கழற்றி மாற்றி வைத்தால் எப்படியிருக்கும்? அவன் படத்தைப் பார்த்து மட்டும் அழுத்தவில்லை; இடத்தை விரல் நினைவில் வைத்திருந்தது. பட்டனின் இடத்தை மாற்றாதீர்கள். புதிய படம் வேண்டுமானால் காலியாக உள்ள கட்டத்தில் வையுங்கள். அதற்காகவே முதலிலேயே பன்னிரண்டு கட்டம் போட்டு, தேவையில்லாதவற்றைக் காலியாக விடலாம்.

தமிழுக்கு ஏற்ற பலகை

ஆங்கிலப் பலகைகளில் "எனக்கு வேண்டும்" என்ற பட்டன் இடது ஓரத்தில் இருக்கும். பொருள் வலப்பக்கம் இருக்கும். ஆங்கிலத்தில் அந்த வரிசைதான் சரி. தமிழில் நாம் "தோசை வேணும்" என்கிறோம். வினை கடைசியில் வருகிறது. எனவே வேணும், வேண்டாம், போதும் ஆகிய பட்டன்களை வலது ஓரத்தில் ஒரே வரிசையில் வையுங்கள். விரல் இடமிருந்து வலமாகப் போகும்போது தமிழ் வாக்கியம் தானாக அமையும்.

வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே வையுங்கள். நாங்கள் முதலில் "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று டேப்ளட்டின் குரலில் போட்டோம். செய்தி வாசிப்பது போல இருந்தது. அந்த வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. "தண்ணி வேணும்" என்று மாற்றினோம். தாத்தா என்ற பட்டனையும் எங்கள் பக்க வழக்கப்படி "அப்புச்சி" என்று மாற்றினோம். குரலும் என்னுடையதில்லை. அவன் வயதுள்ள எதிர்வீட்டுப் பையனைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தோம். ஆறு வயதுப் பையனின் வாய்க்கு ஆறு வயதுக் குரல்தானே பொருத்தம்?

நீங்களே தயாரிக்கலாம்

உங்களிடம் டேப்ளட் இல்லை, கம்ப்யூட்டரில் பவர்பாயிண்ட் மட்டும் இருக்கிறது என்றால் கூடப் போதும். செய்முறை இதோ:

1. வீட்டில் உள்ள பொருட்களையே போட்டோ எடுங்கள். குழந்தை குடிக்கும் அதே டம்ளர், அதே தட்டு. "இன்னும்", "உதவி" போன்றவற்றுக்குப் போட்டோ எடுக்க முடியாது. ஸ்பெயினின் அரகான் மாநில அரசு 'அராசாக்' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான படக்குறியீடுகளை இலவசமாகத் தருகிறது. வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு அவற்றை டவுண்லோட் செய்து பயன்படுத்தலாம்.

2. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனி ஒலி ஃபைலாகப் பதிவு செய்யுங்கள். விண்டோஸ் 11-ல் உள்ள சவுண்ட் ரெக்கார்டரில் ஃபைல் வகையை வேவ் என்று தேர்ந்தெடுக்கலாம். பழைய விண்டோஸ் என்றால் ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் பதிவு செய்து, வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். தறி ஓடும் ஊராக இருந்தால் கரண்ட் போன நேரத்தில் லேப்டாப்பில் பதிவு செய்யுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

3. பவர்பாயிண்ட்டில் ஒரு காலி ஸ்லைடைத் திறந்து, இன்செர்ட் மெனு மூலம் படங்களைக் கட்டம் கட்டமாக வையுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் பெயரைத் தமிழில் எழுதுங்கள்.

4. ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, இன்செர்ட் மெனுவில் ஆக்ஷன் என்பதைக் கிளிக் செய்யுங்கள். வரும் டயலாக் பாக்ஸில் பிளே சவுண்ட் என்ற கட்டத்தில் டிக் செய்து, அதர் சவுண்ட் மூலம் அந்தச் சொல்லுக்குரிய வேவ் ஃபைலைக் கொடுங்கள்.

5. ஸ்லைட் ஷோ மெனுவில் செட் அப் ஸ்லைட் ஷோ சென்று, கியோஸ்க் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது குழந்தை வேறு எங்கே கிளிக் செய்தாலும் ஸ்லைடு மாறாது. வெளியே வர எஸ்கேப் கீ.

6. அதே ஸ்லைடை பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்துகொள்ளுங்கள். சார்ஜ் தீர்ந்தாலும், ஆற்றங்கரைக்குப் போனாலும் அந்த அட்டை கூட வரும். அட்டைக்குக் குரல் இல்லை. குழந்தை தொட்டதும் நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்லுங்கள்.

டேப்ளட் உள்ளவர்கள்: ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் சென்று டெக்ஸ்ட் டு ஸ்பீச் என்று தேடுங்கள். அதில் கூகுள் தரும் தமிழ்க் குரலை இன்ஸ்டால் செய்யலாம். அடுத்து, குழந்தை விளையாட்டுக்கோ வீடியோவுக்கோ தாவிவிடாமல் இருக்க ஆப் பின்னிங் வசதியை இயக்குங்கள். ஐபேடில் இதற்கு கைடட் ஆக்ஸஸ் என்று பெயர். முடிந்தால் இந்த டேப்ளட்டில் வீடியோவே வேண்டாம். ஒரே டேப்ளட் சினிமாவும் காட்டிப் பேசவும் செய்தால், குழந்தை சினிமாவைத்தான் தேர்ந்தெடுக்கும். கோபம் வந்தால் நாம் டேப்ளட்டைப் பிடுங்கி வைப்போம். அப்படிச் செய்தால் அந்தக் குழந்தையின் வாயைக் கட்டியது போலாகும்.

பலகை தயார். இனிதான் வேலை

சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்தால் குழந்தை பேசிவிடாது. பேச்சுப் பயிற்சியாளர் வாரத்தில் ஒரு மணி நேரம்தான் பார்க்கிறார். மீதி நேரம் முழுவதும் வீட்டில் உள்ளவர்கள் கையில் இருக்கிறது. அவர் எங்களுக்குக் கொடுத்த பாடங்கள் இவை:

முதலில் நீங்கள் அழுத்துங்கள். "தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்கும்போதே தண்ணி பட்டனைத் தொடுங்கள். நாம் பேசிப் பேசித்தானே சாதாரணக் குழந்தை பேச்சு கற்கிறது? இந்தக் குழந்தை பட்டனில் பேசக் கற்க, நாமும் பட்டனில் பேசிக் காட்ட வேண்டும். அக்கா இரண்டு மாதம் அழுத்திக் காட்டிய பிறகே அவன் தானாக அழுத்தினான்.

காத்திருங்கள். கேட்ட பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இது ரொம்பக் கஷ்டம். நாலாவது எண்ணிலேயே நாம் பதிலைச் சொல்லிவிடுவோம்.

பரீட்சை வைக்காதீர்கள். "இது என்ன? சொல்லு, சொல்லு" என்று கேட்பதை விடுங்கள். அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றி நீங்கள் பேசுங்கள். எங்கள் மாப்பிள்ளைக்குத் தறி பிடிக்கும். எனவே அவன் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, "நாடா போகுது, நாடா வருது" என்றார் அக்கா. போ, வா இரண்டும் அங்கேதான் படிந்தன.

ஒரு சொல் கூட்டுங்கள். அவன் "தோசை" என்றால் நீங்கள் "தோசை வேணும்" என்று சொல்லியும் அழுத்தியும் காட்டிவிட்டுத் தோசையைக் கொடுங்கள். திரும்பச் சொன்னால்தான் தருவேன் என்று நிறுத்தி வைக்காதீர்கள்.

வேண்டாம் என்றால் விடுங்கள். "வேண்டாம்" பட்டனை அழுத்தியும் வாயில் ஊட்டினால், அந்தப் பட்டன் பொய் என்று ஆகிவிடும். மருந்து போன்ற தவிர்க்க முடியாதவற்றில் "வேண்டாம்னு சொல்ற, தெரியுது சாமி. ஆனா மருந்து குடிக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

எதிரொலியைத் திட்டாதீர்கள். பேச்சு வரத் தொடங்கும்போது சில குழந்தைகள் நாம் கேட்டதையே சொல்வார்கள். "பசிக்குதா?" என்று குழந்தை உங்களைப் பார்த்துக் கேட்டால், பசிக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். இந்தப் பழக்கத்தை 1943-லேயே கான்னர் குறித்திருக்கிறார். "எனக்குப் பசிக்குது" என்று குழந்தை சொல்ல வேண்டிய விதத்தில் நீங்கள் சொல்லிக் காட்டிவிட்டுச் சாப்பாடு கொடுங்கள்.

விரலைப் பிடித்து அழுத்த வைக்காதீர்கள். வந்த சொல் யாருடையது என்று தெரியாமல் போகும்.

வலி என்ற பட்டன்

போன ஐப்பசியில் மூன்று நாள் அவன் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டான். கன்னத்தில் அடித்துக்கொண்டான். முன்பும் இப்படி நடந்திருக்கிறது. பிடிவாதம் என்று அதட்டியிருக்கிறோம். அப்பா இப்போதும் அதட்டத் தொடங்கினார்.

சாயங்காலம் கரண்ட் போனது. தறிகள் நின்றன. அக்கா டேப்ளட்டை அவன் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தார். பத்து வரை எண்ணினாரா, நூறு வரை எண்ணினாரா தெரியாது. அவன் பக்கத்தைப் புரட்டி, உடம்புப் படங்கள் உள்ள இடத்துக்குப் போனான். 'பல்', 'வலி' என்று இரண்டு பட்டன். அந்த 'வலி' பட்டனை வைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதுவரை அவன் அதைத் தொட்டதே இல்லை. அடிபடும்போதெல்லாம் அக்கா மட்டும் அழுத்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பல் டாக்டர் பார்த்தபோது கடைவாய்ப் பல்லில் சொத்தை ஆழமாக இறங்கி வீங்கியிருந்தது. முந்தைய வருடங்களில் எத்தனை அழுகைக்கு இப்படி ஒரு காரணம் இருந்திருக்கும் என்று நினைத்து அக்கா அன்று அழுதார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து அவரும் பட்டன் அழுத்திப் பேசுகிறார்.

எங்கே உதவி கிடைக்கும்?

2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் ஏற்படுத்தப்பட்டுள்ளன. முதலில் உங்கள் மாவட்ட மருத்துவமனையில் விசாரியுங்கள். சென்னை அருகே முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும், மைசூரில் 1965-ல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, கேட்புத்திறன் நிறுவனமும் மத்திய அரசின் பெரிய நிறுவனங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் ஒரு குறைபாடாக ஏற்றுக்கொண்டுள்ளது. எனவே மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெறலாம். 1999-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த நேஷனல் டிரஸ்ட்டின் 'நிராமயா' காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவப் பாதுகாப்பு உண்டு. குறிப்பிட்ட வரம்புக்குள் தெரபி செலவும் இதில் அடங்கும்.

'30 நாளில் பேச வைக்கிறோம்', 'ஆட்டிசத்தை முழுதும் குணப்படுத்துகிறோம்' என்ற விளம்பரங்களை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

இன்று மாப்பிள்ளைக்கு ஆறு வயது. வாயால் ஏழு சொல் சொல்கிறான். டேப்ளட்டில் அறுபது சொல் சொல்கிறான். வாயால் வந்த முதல் சொல் "போதும்". பட்டனை அழுத்தி அழுத்திக் கேட்ட சொல்தான் அது. எட்டாவது சொல் எப்போது வரும் என்று யாரும் கேட்பதில்லை. தறி நின்றால் ஓடி வந்து 'தறி', 'வேணும்' என்று அழுத்துவான். "கரண்ட் இல்ல சாமி, வந்துரும்" என்பார் அக்கா. கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பான்.

வீட்டில் உள்ள கம்ப்யூட்டரில் இந்த வாரம் நாலு படத்தோடு ஒரு பலகை செய்து பாருங்கள். ஒரு மணி நேரம்தான் ஆகும். உங்களுக்குத் தேவைப்படாவிட்டால், தேவைப்படும் வீட்டுக்கு ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள்.